கிரீடம் வாங்கிய ஸ்கேலும் பட்டியலில் விழுந்த பதினொரு பேரும்

இந்த மாலைக் கூட்டத்தின் மாண்புமிகு தலைவராக வீற்றிருந்து, எனக்குப் பத்தே பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு, அதை நிறைவேற்றக் கையில் மணியோடு காத்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! எங்கள் மென்பொருள் தேர்வுக் குழுவின் தலைவரும், இங்கிருப்பவர்களில் பாதிப் பேரின் வாயைத் திறக்க வைத்தவரும், என் வாயை மட்டும் மூட வழி தெரியாதவருமான பல் டாக்டர் அவர்களே! முன்வரிசையில், இந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாமல் கொள்கை காக்கும் விற்பனைத் தம்பி அவர்களே! பிள்ளையின் பையையும் சுமந்து, பிள்ளையைப் பற்றிய கவலையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! 'சீக்கிரம் முடிங்க' என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் தந்தைமார்களே! காற்றாடிக்குக் கீழே இடம் பார்த்து அமரத் தெரிந்த அனுபவசாலிகளாம் பெரியோர்களே! கடைசி வரிசையில் நாற்காலியை ஆட்டிக்கொண்டே எதிர்காலத்தையும் ஆட்டிக்கொண்டிருக்கும் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் ஒரு டைப்பிஸ்டின் பத்து விரல் வணக்கம்!

என்ன, கைதட்டல் இவ்வளவுதானா? பரவாயில்லை. கைதட்டக் கற்றுக்கொடுக்கும் மென்பொருளும் தம்பியிடம் கட்டாயம் இருக்கும், பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள் நான். அண்ணன் தம்பி அடித்துக்கொண்டாலும் என் விரல் வழியாகத்தான் அடித்துக்கொண்டார்கள். கணவன் மனைவி பிரிந்தாலும் என் விரல் வழியாகத்தான் பிரிந்தார்கள். அதனால்தான், 'விசைப்பலகை பழக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரு நிபுணர் வேண்டும்' என்றதும் பல் டாக்டர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நிபுணர் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டேன்.

இன்றைக்கு இந்த அவையின் முன் இரண்டு தீர்மானங்கள் இருக்கின்றன. முதல் தீர்மானம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கார்ப் பந்தய மென்பொருளை வாங்குவது. இரண்டாவது, நம்மிடம் இருபத்து நான்கு கம்ப்யூட்டர்தான் இருப்பதால், சோதனையில் வேகம் குறைந்த பதினொரு குழந்தைகளைக் கணினி வகுப்பிலிருந்து எடுத்து, காகிதம் வெட்டி ஒட்டும் வகுப்புக்கு அனுப்புவது. இரண்டிலும் குழுவின் கையெழுத்து இருக்கிறது. நாலாவது கையெழுத்து என்னுடையது, நல்ல அழகான கையெழுத்து. அதைப் பாராட்டிப் பேசத்தான் என்னை இந்த மேடையில் ஏற்றியிருக்கிறார்கள்.

பாராட்ட வரவில்லை நான். பழி ஏற்க வந்திருக்கிறேன்.

டாக்டர், தண்ணீர் குடியுங்கள். இன்னும் நிறைய இருக்கிறது.

எப்படித் தேர்ந்தெடுத்தோம் தெரியுமா? மூன்று மென்பொருள்கள் வந்தன. முதலாவது பந்தயம். ஒரு சொல் அடித்தால் கார் பாயும், பத்துச் சொல் அடித்தால் பறக்கும், முடிந்ததும் எக்காளம் ஊதித் தங்கக் கிரீடம் இறங்கும். இரண்டாவதில் ஒரு கிளி. தொட்டாலும் சபாஷ், தொடாவிட்டாலும் சபாஷ் என்று, கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து மாமா மாதிரி எல்லோரையும் புகழும். மூன்றாவதற்கு நாங்கள் வைத்த பெயர் கொட்டாவி. சாம்பல் நிறத் திரை. இரண்டு எழுத்து. எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று ஒரு படம். தப்பாக அடித்தால் திட்டாது, சும்மா நிற்கும். சரியாக அடித்தால் அடுத்த எழுத்து வரும். பத்து நிமிடம் ஆனதும் 'கையை உதறிக்கொள்' என்று சொல்லிவிட்டுத் தானாக மூடிக்கொள்ளும். இதை எத்தனை நிமிடம் பரிசீலித்தோம்? நாலு நிமிடம்! அதிலும் இரண்டு நிமிடம் டீ வந்தது.

பந்தயத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை இரண்டு வாரம் சோதனை. அடேயப்பா! ஐம்பது சொல், ஐம்பத்தைந்து சொல், அறுபது சொல்! என் மகள், ஐந்தாம் வகுப்பு, திரையில் அவளுக்கு 'மின்னல்' என்று பட்டம். நிமிடத்துக்கு அறுபத்திரண்டு சொல்! பத்து வயதில் என் மகள் என் வேகத்தையே தொட்டுவிட்டாள் என்று அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். வழக்கறிஞர் ஐயா, 'உன் வேலைக்கு ஆள் ரெடி' என்றார். பெருமையில் எனக்கு அந்தப் பயம்கூடத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இந்த மேடைக்கான பாராட்டுரையை எழுதி வைத்திருந்தேன். மணிக்கட்டில் வலி. மின்னலைக் கூப்பிட்டேன்.

"வாடி என் தங்கம், அம்மா படிக்கிறேன், நீ அடி."

வந்தாள். உட்கார்ந்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள்.

"அம்மா, ஸ்கேல் எங்கே?"

"ஸ்கேல் எதுக்குடி?"

"டைப் அடிக்கத்தான்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஸ்கேலை எடுத்து என் கண்முன்னாலேயே செய்து காட்டினாள். விசைகளின் மேல் வரிசையில் ஸ்கேலைப் படுக்க வைத்து ஓர் அழுத்து, நடு வரிசையில் ஓர் அழுத்து, கீழ் வரிசையில் ஓர் அழுத்து. பந்தயத்தில் எத்தனை தப்பான எழுத்து விழுந்தாலும் கணக்கில்லையாம். சரியான எழுத்து அந்தக் கூட்டத்தில் ஒன்றாக வந்தால் போதுமாம். "எல்லாரும் இப்படித்தாம்மா பண்றோம். சிலபேர் முழங்கையால பண்ணுவாங்க. எனக்கு முழங்கை வலிக்கும், அதான் ஸ்கேல்" என்றாள். சரி, ஸ்கேல் இல்லாமல் அடி பார்க்கலாம் என்றேன். ஒற்றை விரலை உயர்த்தி, ஒவ்வோர் எழுத்தையும் தொலைந்த கம்மலைத் தேடுவதுபோலத் தேடி, நிமிடத்துக்கு ஐந்து சொல் அடித்தாள். அறுபத்திரண்டில் ஐம்பத்தேழு சொல் ஸ்கேலுக்குச் சொந்தம்!

என்னங்கம்மா, மூன்றாவது வரிசை? 'ரெண்டு வாரமா அங்கேயே நின்னீங்களே, நீங்க பார்க்கலையா'ன்னா கேக்குறீங்க?

கேளுங்கள் தாயே, கேளுங்கள்! அதைக் கேட்கத்தான் இந்த அவை கூடியிருக்கிறது. இரண்டு வாரம் தினமும் அலுவலகத்துக்குப் போகும்முன் அந்தக் கணினி அறையில் காவல் தெய்வம்போல உலாவினேனே, ஏன் பார்க்கவில்லை? கண் இல்லையா? இருந்தது. கண்ணாடி இல்லையா? அதுவும் இருந்தது. பின் ஏன்?

சொல்கிறேன். நான் டைப் படித்த இடத்தில், மாணவியின் கைகளுக்கு மேலே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். விசை தெரியக்கூடாது, விரல் தெரியக்கூடாது. குனிந்தால் அதட்டல், எட்டிப் பார்த்தால் வெளியே. 'கையைப் பார்க்காதே, தலையை நிமிர்த்து' என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம், மூச்சு, முறை, மானம் எல்லாம். இருபத்தாறு வருடமாகக் கையைப் பார்க்காமலே காலம் தள்ளியவள் நான். அந்தப் பழக்கத்தோடு அறைக்குள் போனேன். திரையைப் பார்த்தேன், காரைப் பார்த்தேன், கிரீடத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு குழந்தையின் கையைக்கூடப் பார்க்கவில்லை! டைப் தெரியாத யாராவது நின்றிருந்தால் முதல் நிமிடமே கண்டுபிடித்திருப்பார்கள். நிபுணர் நின்றதால் கோட்டை விட்டோம்.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். கணினி அறைக்குப் போய்ப் பின்னால் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். முதல் முறையாகக் கைகளைப் பார்த்தேன். ஐயா, அது கணினி அறையா, காய்கறிச் சந்தையா? அங்கே ஒரு ஸ்கேல், இங்கே ஒரு பென்சில் பெட்டி, நடுவில் இரண்டு முழங்கைகள். ஒரு வீரன் மூக்கால் அடித்துக்கொண்டிருந்தான், நாற்பத்தொரு சொல். வெள்ளிக் கிரீடம்! என் கையெழுத்தின் பலத்தில் அந்த மூக்குக்குச் சான்றிதழ் வந்திருக்கும்.

ஜன்னல் ஓரம் ஒரு பெண் குழந்தை. ஆறாம் வகுப்பு. முதுகு நேராக, பாதம் தரையில் பதிந்து, எட்டு விரலும் நடு வரிசையில் இடம் பார்த்து அமர்ந்திருந்தன. ஒவ்வொரு விரலும் தன் முறை வந்தால் எழுந்து, தன் வேலையை முடித்து, தன் இடத்துக்கே திரும்பியது. கீழே குனியவே இல்லை. வேகம் நிமிடத்துக்குப் பதினொரு சொல், அதில் ஒரு தப்பு கிடையாது. பந்தயத் திரையில் அவளுக்குக் கிடைத்த பட்டம் என்ன தெரியுமா? ஆமை! ஒரு பச்சை ஆமை படம். கீழே 'இன்னும் முயற்சி செய்!'

"யாருடா கண்ணு உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?" என்றேன்.

"சாம்பல் கலர்தான் மிஸ். இந்த கம்ப்யூட்டர் பழசு, இதுல கார் சரியா ஓடாது. வெள்ளிக்கிழமை டெஸ்டுக்கு மட்டும் வேற கம்ப்யூட்டர்ல கார் போடுவாங்க. மத்த நாள் எல்லாம் சாம்பல் கலர்தான்."

"பிடிச்சிருக்கா?"

"அது சிரிக்காது மிஸ். ஆனா திட்டவும் திட்டாது." கொஞ்ச நேரம் அடித்தாள். திரும்பாமலேயே கேட்டாள். "மிஸ், நான் ஆமை இல்ல. என்னை வெட்டி ஒட்டுற கிளாஸுக்கு அனுப்பப் போறீங்களாமே? அடுத்த வருஷம் பரீட்சையெல்லாம் கம்ப்யூட்டர்லதானே? அப்போ நான் எதுல எழுதுவேன்?"

எனக்கு அவமானமாக இருந்தது. அழுதேன். எழுந்து வெளியே போய், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

வெளியே அனுப்பும் பதினொரு பேர் பட்டியலில் முதல் பெயர் அந்தக் குழந்தையுடையது. யார் சரியாகக் கற்றார்களோ அவர்கள் ஆமை. யார் ஏமாற்றினார்களோ அவர்கள் மின்னல். எந்தக் கழுதை இப்படித் தரம் பிரித்தது என்று தேடினேன். பட்டியலின் கீழே நாலாவதாக நானே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அம்மா, மணி அடித்தீர்கள், கேட்டது. இன்னும் ஐந்தே நிமிடம். மிச்சத்தை டாக்டரின் நேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

தம்பி எழுந்து ஏதோ சொல்கிறார், சொல்லுங்க தம்பி. என்ன? 'அது பழைய வெர்ஷன் மேடம்'ஆ? புது வெர்ஷன்ல ஸ்கேல் உடைஞ்சுடுமா? வேண்டாம், விவாதம் எதுக்கு? மேடையில கம்ப்யூட்டரை நீங்கதானே வெச்சிருக்கீங்க, பெரிய திரையில நீங்கதானே காட்டுறீங்க? புது வெர்ஷனையே போடுங்க. டாக்டர், கொஞ்சம் எழுந்து வாங்க. கண்ணாடியைக் கழட்டிடுங்க. தெரியலையா? ரொம்ப நல்லது. இந்தாங்க, என் மகளோட ஸ்கேல். மேல ஒரு அழுத்து, நடுவுல ஒரு அழுத்து, கீழ ஒரு அழுத்து. ம், அப்படித்தான்! பல்லு பிடுங்குற மாதிரி வேண்டாம், மெதுவா!

பாருங்கள் அவையோரே! பாய்கிறது கார்! பறக்கிறது கார்! கண்ணாடி இல்லாத கண், விசை அறியாத விரல், ஆனாலும் விண்ணிலிருந்து இறங்குகிறது கிரீடம்! கேளுங்கள் எக்காளத்தை! நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு சொல்! டாக்டர் அவர்களுக்கு உங்கள் பலத்த கரவொலி! தம்பி, அந்தக் கோட்டை இப்போதாவது கழற்றிவிடுங்கள், வியர்க்கிறது உங்களுக்கு.

அதோ ஓர் அப்பா கை தூக்குகிறார். 'சாம்பல் கலர் போரடிக்குமே, பசங்க உட்காருவாங்களா?' என்கிறார். போரடிக்கும் ஐயா. பல் துலக்குவதும் போர்தான், டாக்டரைக் கேளுங்கள். பத்து நிமிடம்தானே, அடிக்கட்டும். பத்து நிமிடப் போர் பிடிக்காதென்று எட்டு வருடப் பள்ளியை ஏமாற்று வேலையில் கழிப்பதா? கார் ஓட்டும் ஆசையை விடுமுறையில் தீர்த்துக்கொள்ளட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். பத்து நிமிடத்தில் தானாக மூடிக்கொள்வதால், இருக்கும் இருபத்து நான்கு கம்ப்யூட்டரிலேயே எல்லோரும் முறை போட்டு உட்காரலாம், யாரையும் வெளியே அனுப்ப வேண்டாம்.

சரி, சாம்பல் நிறமே சர்வரோக நிவாரணியா? அதுவும் இல்லை. இரண்டாம் வகுப்புக் குழந்தையின் கையை விரித்துப் பாருங்கள். சுண்டுவிரல் ஓரத்து விசையை எட்டவே எட்டாது. அந்தக் கையை இழுத்து இழுத்துப் பழக்கினால் வலிதான் மிஞ்சும். முதல் இரண்டு வகுப்புக்கும் கிளியே இருக்கட்டும், எந்த எழுத்து எங்கே இருக்கிறதென்று விளையாடித் தெரிந்துகொள்ளட்டும், அளவு கிளவு வேண்டாம். மூன்றிலிருந்து ஐந்து வரை விரலுக்குப் பழக்கம் வந்தால் போதும், வேகத்தைக் கேட்கவே கூடாது. ஆறு, ஏழு, எட்டுக்குத் தப்பையும் சேர்த்து எண்ணி, அப்புறம் வேகத்தைப் பாருங்கள். எந்த விரல் தடுமாறுகிறது என்று ஆசிரியைக்குக் காட்டாத மென்பொருள் நமக்கு எதற்கு? பிள்ளையின் பெயர், புகைப்படம், அம்மாவின் போன் நம்பர் எல்லாம் கேட்கும் மென்பொருள் எதற்கு? பந்தயம் கேட்டது. நான் கொடுத்தேன். இரண்டு வாரமாக எனக்குச் செருப்பு விளம்பரமாக வந்து குவிகிறது. இதையெல்லாம்விட முக்கியமாக, எதை வாங்கினாலும் வாரத்துக்கு ஒருமுறை பெரியவர் ஒருவர் கீழே உட்கார்ந்து குழந்தைகளின் கையைப் பார்க்க வேண்டும். முதல் ஆறு மாதம் நான் வருகிறேன். முழங்காலுக்குப் பஞ்சு வைத்த பாய் மட்டும் பள்ளிக்கூடம் கொடுத்தால் போதும்.

இப்போது சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்று சொல்ல வேண்டும்.

அந்தக் குழந்தையின் தாய் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். பேருந்து ஓட்டுபவர். மாலை வண்டியை இன்னொருவரிடம் மாற்றிவிட்டு, அந்தச் சீருடையோடே வந்து கதவோரம் நிற்கிறார். அம்மா, உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறேன். உங்கள் மகளை ஆமை என்று எழுதிய தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போடவில்லை, படித்தே போட்டேன். என் மகள் மேலே இருந்தாள், அந்தச் சந்தோஷத்தில் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை. தப்பு என்னுடையது. பூசி மெழுக எதுவும் இல்லை. இந்த அவையின் முன்னால் உங்களிடமும், மற்றப் பத்துக் குழந்தைகளின் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். என் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மைக் வேண்டுமா அம்மா? வேண்டாமா? சத்தமாகவே சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

கேட்டீர்களா அவையோரே? பின்னால் இருப்பவர்களுக்காக அந்தத் தாய் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் மேடம். என் பொண்ணு ரெண்டு வாரமா வீட்டுல சாப்பாட்டு மேசை மேல விரலை வெச்சு அடிச்சுப் பழகுறா. நாளைக்குக் காலைல அவ எந்த ரூமுக்குப் போகணும்? அதை மட்டும் சொல்லுங்க."

தலைமையாசிரியை அம்மா, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, உங்களுக்குத்தான் இருக்கிறது. மேசையில் இரண்டு தீர்மானங்களும் இருக்கின்றன, பக்கத்திலேயே பேனா இருக்கிறது. டாக்டர் தலையாட்டுகிறார், பாருங்கள். கிரீடம் வாங்கிய பிறகு வேறு என்ன செய்வார் பாவம்!

பேனாவை எடுத்துவிட்டார். முதல் தாளில் ஒரு கோடு. சபையே, பந்தயம் போனது! இரண்டாவது தாள். அம்மா, ஒரு கோடு போதாது, குறுக்கே இன்னொன்று போடுங்கள், பிறகு யாரும் தடவிப் பார்த்துப் படித்துவிடக்கூடாது. போட்டுவிட்டார்!

ஓட்டுநர் அம்மா, பதில் வந்துவிட்டது. நாளை காலை எட்டரை மணி. கணினி அறை. ஜன்னல் ஓரம். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே பத்து விரலால் டைப் அடிக்கத் தெரிந்த ஒரே மாணவி அங்கேதான் உட்காருவாள். அவளுக்கு இடப்பக்க நாற்காலியில் அறுபத்திரண்டு சொல் மின்னல் ஒருத்தி, ஸ்கேலை வீட்டில் வைத்துவிட்டு வந்து, முதல் இரண்டு எழுத்திலிருந்து ஆரம்பிப்பாள். சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். என் மகள் கொஞ்சம் வாய் பேசுவாள், அதற்கு மட்டும் நான் பொறுப்பு.

மணியை மறந்து கேட்ட தலைமைக்கு நன்றி! மானத்தைக் கொடுத்து மகுடம் வாங்கிய டாக்டருக்கு நன்றி! கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்ட தம்பிக்கு, அதற்காகவே தனி நன்றி! கேள்வி கேட்ட தாய்மாருக்கும், வீட்டுக்குப் போகும் அவசரத்தை மறந்த தந்தைமாருக்கும், ஆட்டிய நாற்காலி ஒன்றும் உடையாமல் காத்த கடைசி வரிசைக்கும் நன்றி, வணக்கம், வருகிறேன்!